இருபதாயிரத்துக்குள் இரண்டு லென்ஸ்: ஓடுவதைப் பிடிக்க ஒன்று, கோபுரத்தை அடக்க ஒன்று

கேமரா வாங்கி ஆறு மாதம் ஆனால் போதும், எல்லோருக்கும் இந்தக் காய்ச்சல் வந்துவிடுகிறது. கூட வந்த 18-55 கிட் லென்ஸை வைத்து ஊர்த் திருவிழாவில் இரவுக் கபடி எடுத்தால் ரெய்டு போகிறவர் புகை மாதிரி இழுபட்டுத் தெரிகிறார். மறுநாள் கோயில் வாசலில் நின்றால் கோபுரத்தின் கலசம் படத்துக்கு வெளியே போய்விடுகிறது. உடனே இணையத்தில் தேடுகிறோம், எல்லோரும் 70-200 எஃப் 2.8 என்று ஒரே பெயரைச் சொல்கிறார்கள், விலையைப் பார்த்தால் நம் கேமராவையே மூன்று நான்கு வாங்கலாம் போலிருக்கிறது. அப்புறம் கேமரா பீரோவுக்குள் போய்விடுகிறது.

இது அப்படிப் பீரோவுக்குள் கேமராவை வைத்தவர்களுக்காக எழுதுவது. கேனான் 1500டி, 200டி, நிக்கான் டி3500, டி5600 மாதிரியான கிராப் சென்சார் கேமராதான், அதாவது ஃபுல் ஃப்ரேம் என்னும் பெரிய சென்சாரைவிடச் சின்ன சென்சார் உள்ள கேமராதான், உங்கள் கையில் இருக்கிறது, இருபதாயிரம் ரூபாய் சொச்சம் சேர்த்து வைத்திருக்கிறீர்கள், பழைய லென்ஸ் வாங்கக் கூச்சம் இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். உதாரணங்களைப் பெரும்பாலும் கேனானில் சொல்கிறேன், நான் வைத்திருப்பது அது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பணம் ஒரு லென்ஸுக்குத்தான் இருக்கிறது என்றால் ஓடுவதைப் பிடிக்கும் லென்ஸை முதலில் வாங்குங்கள், வைட் ஆங்கிள் பிறகு வரட்டும். கோபுரம் எங்கும் ஓடிவிடாது. அதை நாலு படமாக எடுத்து ஒட்டிக்கொள்ளலாம், வெளிச்சம் குறைவாக இருந்தால் கேமராவைத் திண்ணையில் வைத்து இரண்டு நொடி திறந்து வைக்கலாம். தாவுகிற ஆளிடம் இந்த வித்தை எதுவும் பலிக்காது.

கடைக்குப் போவதற்கு முன் பழைய படங்களைத் திறங்கள்

இதுவரை எடுத்ததில் ஓர் இருநூறு படங்களைக் கணினியில் திறந்து, ஒவ்வொன்றின் தகவல் பகுதியையும் பாருங்கள். குவியத்தூரம் (18, 55 என்று சொல்லும் மி.மீ. எண்), ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்குகிறது என்ற எண்) மூன்றும் அங்கே இருக்கும். ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணுங்கள். 55இல் எடுத்தது எத்தனை, 18இல் எடுத்தது எத்தனை, நடுவில் எத்தனை. பெரும்பாலானவை 55இல் முட்டிக்கொண்டு நிற்கின்றன, அதிலும் பாதியைப் பிறகு வெட்டிப் பெரிதாக்கியிருக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு வேண்டியது நீள லென்ஸ். 18இல் முட்டி நின்றால் வைட்.

அடுத்து, கலங்கிப் போன படங்களின் ஷட்டர் வேகத்தைப் பாருங்கள். நான் முதன்முதலில் இப்படிப் பார்த்தபோது என் கபடிப் படங்கள் அத்தனையும் 1/60 நொடியில் இருந்தன. கேமரா டயலைப் பச்சை நிற ஆட்டோ முறையில் வைத்துவிட்டு லென்ஸைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். கேனானில் டிவி, நிக்கானில் எஸ் என்று இருக்கும் பக்கம் டயலைத் திருப்பி, வேகத்தை 1/500க்குக் குறையாமல் வைத்து, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு, ஃபோகஸை, நகரும் ஆளை விடாமல் தொடரும் ஏஐ சர்வோ (நிக்கானில் ஏஎஃப்-சி) என்று மாற்றி ஒரு நாள் பகலில் எடுத்துப் பாருங்கள். இதிலேயே பாதிக் காய்ச்சல் இறங்கிவிடும். இறங்காத மீதிக்குத்தான் லென்ஸ்.

எவ்வளவு தூரத்தில் நிற்பீர்கள்?

லென்ஸ் தேடுகிற யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வதில்லை. எட்டாம் வகுப்பு முக்கோணக் கணக்கு போதும். ஆளின் உயரத்தைக் குவியத்தூரத்தால் பெருக்கித் தூரத்தால் வகுத்தால் சென்சாரில் ஆள் எத்தனை மில்லிமீட்டர் விழுவார் என்று வந்துவிடும். கேனான் கிராப் சென்சாரின் உயரம் சுமார் 15 மி.மீ., அகலம் சுமார் 22 மி.மீ. இந்த இரண்டு எண்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்கள் கபடி ஆடுகளம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். ஓரத்தில் உட்கார்ந்தால் ஆட்டக்காரர் சராசரியாக 8 மீட்டர் தூரத்தில் இருப்பார். 1.8 மீட்டர் உயர ஆளை 50 மி.மீ. லென்ஸில் பார்த்தால் 11 மி.மீ. வருகிறார், அதாவது படத்தின் உயரத்தில் முக்கால் பங்கு. கபடிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

இப்போது கிரிக்கெட். எல்லைக் கோட்டில் நின்றால் மட்டையாளர் 65 மீட்டர் தள்ளி இருக்கிறார் என்று வைப்போம். 55இல் அவர் ஒன்றரை மி.மீ., எறும்பு. 250இல் ஏழு மி.மீ., கிட்டத்தட்டப் படத்தில் பாதி உயரம், கொஞ்சம் வெட்டினால் நல்ல படம். ஜூம் ஆகாத 50 மி.மீ. பிரைமோடு கிரிக்கெட்டுக்குப் போவதும் 250 ஜூமோடு கபடிக்குப் போவதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள்தான்.

ஆகவே நீங்கள் அடிக்கடி எடுக்கப்போவது எதுவோ, அந்த இடத்துக்கு ஒருமுறை போய்க் காலடியால் அளந்துவிட்டு வாருங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை.

எவ்வளவு வெளிச்சம் இருக்கும்?

அடுத்த கேள்வி இது. லென்ஸின் பணம் பெரும்பாலும் இங்கேதான் போகிறது.

எஃப் எண் சிறிதானால் லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளை பெரிது. எஃப் 5.6க்கும் எஃப் 2.8க்கும் நாலு மடங்கு வெளிச்ச வித்தியாசம். எஃப் 5.6க்கும் எஃப் 1.8க்கும் கிட்டத்தட்டப் பத்து மடங்கு. இரவு விளக்கு வெளிச்சத்தில் ஒரு கபடி ஆட்டம், எஃப் 1.8இல் 1/500 நொடி வைத்தால் ஐஎஸ்ஓ 3200 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆட்டத்தைக் கிட் லென்ஸின் 55 மி.மீ. முனையில் எஃப் 5.6இல் எடுக்க ஐஎஸ்ஓ முப்பதாயிரத்தைத் தாண்ட வேண்டும். 1500டியில் ஐஎஸ்ஓ 6400 வரைதான், நீட்டினால் 12800. கேமரா தன்னால் முடியாது என்று ஷட்டரைக் குறைத்துவிடும், அல்லது படம் கரி பூசியது மாதிரி வரும். உங்கள் கையில் தவறு இல்லை.

அதே கணக்கைப் பகலுக்குப் போடுங்கள். சுள்ளென்ற வெயிலில் ஐஎஸ்ஓ 100க்கு எஃப் 16, 1/100 நொடி என்பது பழைய ஃபிலிம்காரர்களின் வாய்ப்பாடு. எஃப் 5.6க்குத் துளையைத் திறந்தால் அது 1/800 ஆகிறது, ஐஎஸ்ஓவை 200 ஆக்கினால் 1/1600. மாடு பாய்வதற்கும் பறவை பறப்பதற்கும் அது போதும். நம் ஊர் வெயிலில் எஃப் 2.8க்கு லட்சக்கணக்கில் கொடுப்பது பின்னணி மங்கலாக வேண்டும் என்பதற்காக மட்டும்தான் இருக்க முடியும், அது ஆசை, தேவை இல்லை. சூரியனே இலவசமாக விளக்குப் பிடிக்கிறது.

இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது. இரவு, உள்ளரங்கம், பக்கத்தில் என்றால் பெரிய துளை உள்ள பிரைம். பகல், வெளியிடம், தூரத்தில் என்றால் மலிவான நீள ஜூம்.

இரவுக்காரர்களுக்கு 50

கேனானில் 50 எஃப் 1.8 எஸ்டிஎம், 2015இல் வந்தது, 160 கிராம், பழையது சல்லிசாகக் கிடைக்கும், புதிதாக வாங்கினாலும் பட்ஜெட்டுக்குள் முடிந்துவிடும். நிக்கானில் ஏஎஃப்-எஸ் 50 எஃப் 1.8ஜி, அல்லது ஆடுகளத்தின் கோட்டிலேயே உட்கார விடுவார்கள் என்றால் டிஎக்ஸ் 35 எஃப் 1.8ஜி.

85 எஃப் 1.8 நல்ல லென்ஸ், கேனானில் அதன் யூஎஸ்எம் மோட்டார் 50ஐ விட வேகமாக ஃபோகஸ் பிடிக்கும். ஆனாலும் முதல் லென்ஸாக அதைச் சொல்ல மாட்டேன். விலை ஒரு காரணம், இன்னொன்று தெளிவின் ஆழம். 8 மீட்டரில் 50 மி.மீ. எஃப் 1.8 வைத்தால் முன்னும் பின்னுமாகச் சுமார் 1.8 மீட்டர் தெளிவாக இருக்கும். 85இல் அது அறுபது சென்டிமீட்டர். ரெய்டர் ஒரு எட்டு எடுத்து வைத்தால் முகம் தெளிவை விட்டு வெளியே. 1500டியில் ஒன்பது ஃபோகஸ் புள்ளிகள், அதில் நடுவில் இருப்பது ஒன்றுதான் உருப்படியானது. அந்தக் கேமராவோடு அறுபது சென்டிமீட்டரில் குடித்தனம் நடத்துவது கஷ்டம்.

நடுப்புள்ளியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஆளின் மார்பில் வையுங்கள். வெளிச்சம் இடம் கொடுத்தால் துளையை எஃப் 2.2க்குச் சுருக்குங்கள், கூர்மை கூடும். அப்புறம் 1500டி நொடிக்கு மூன்று படம்தான் எடுக்கும், ஆகவே பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு கடவுள் விட்ட வழி என்று இருந்தால் நல்ல கணம் இரண்டு படங்களுக்கு நடுவில் விழுந்துவிடும். ஆட்டத்தைப் பாருங்கள். தாவுகிற ஆள் உச்சிக்குப் போனதும் ஒரு இமைப்பொழுது நிற்பார், ஏறுவதும் இல்லை இறங்குவதும் இல்லை, அந்த நேரத்தில் 1/320கூடப் போதும். கபடி ஆடியவர்கள் எடுக்கும் கபடிப் படம் நன்றாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன், அவர்களுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியும்.

பகல்காரர்களுக்கு 250 அல்லது 300

கேனானில் 55-250. இதில் மூன்று வகை சந்தையில் உலவுகிறது: ஐஎஸ், ஐஎஸ் 2, ஐஎஸ் எஸ்டிஎம். விளம்பரத்தில் மூன்றும் ஒரே மாதிரிதான் இருக்கும். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது 2013இல் வந்த எஸ்டிஎம். முந்தைய இரண்டின் மோட்டார் கிர்ர் என்று முனகிக்கொண்டு மெதுவாகத் தேடும், எஸ்டிஎம் சத்தமில்லாமல் போய் நிற்கும், ஓடுகிற பொருளுக்கு இந்த வித்தியாசம் பெரிது. கேமரா வாங்கியபோதே இரட்டை லென்ஸ் பெட்டியாக ஐஎஸ் 2 வந்திருந்தால் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம், அதை வைத்து ஒரு பருவம் ஓட்டிவிட்டு யோசிக்கலாம்.

கிராப் சென்சாரில் 250 என்பது ஃபுல் ஃப்ரேமில் 400 எடுக்கும் அளவுக்கு நெருக்கிக் காட்டும், 1.6ஆல் பெருக்குவது அந்தக் கணக்கு. அலங்காநல்லூர், பாலமேடு போன்ற ஜல்லிக்கட்டில் கேலரியிலிருந்து எடுக்க இது போதும். கோவளம் கடற்கரையில் அலைச்சறுக்குக்காரர்களைக் கரையில் நின்றே எடுக்கலாம், வீட்டுக்கு வந்ததும் உப்பு ஈரத்தை லேசாக நனைத்த துணியால் துடைத்துவிட மறக்காதீர்கள். வேடந்தாங்கலுக்கு 250 கொஞ்சம் குறைவுதான், கூடு கட்டியிருக்கும் பறவைகளைப் பிடிக்கலாம், தூரத்துக் கிளைகளில் உட்கார்ந்திருப்பவை சின்னதாகத்தான் விழும்.

நிக்கான்காரர்களுக்கு டிஎக்ஸ் ஏஎஃப்-பி 70-300. இதில் விஆர் (கை ஆட்டத்தைத் தடுக்கும் நிலைப்படுத்தி) உள்ளது, இல்லாதது என்று இரண்டு உண்டு, விஆர் உள்ளதைத் தேடுங்கள். ஆனால் இந்த ஏஎஃப்-பி வகை டி90, டி3200, டி5100 போன்ற பழைய கேமராக்களில் ஃபோகஸே ஆகாது, வாங்குவதற்கு முன் உங்கள் மாடலோடு பொருந்துமா என்று பாருங்கள்.

நிக்கானில் இன்னொரு பொறியும் இருக்கிறது, இது புதியவர்களை அதிகம் கடிப்பது. டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஏஎஃப்-டி என்று எழுதிய பழைய லென்ஸ்கள் மலிவாகக் கிடைக்கின்றனவே என்று வாங்கி மாட்டினால் கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். என் நண்பன் ஒருவன் 50 எஃப் 1.8டி வாங்கிவிட்டு லென்ஸ் கெட்டுப்போயிருக்கிறது என்று விற்றவரோடு இரண்டு நாள் சண்டை போட்டான், லென்ஸில் ஒரு கோளாறும் இல்லை. பெயரில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி இருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்டியில் ஐஎஸ், விஆர், விசி, ஓஎஸ் என்று எழுதியிருக்கும் நிலைப்படுத்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது உங்கள் கை ஆடுவதைத்தான் தடுக்கும். எதிரே ஓடுகிறவரை நிறுத்தாது, அவரை நிறுத்துவது ஷட்டர் வேகம் மட்டுமே. இருந்தாலும் நீள லென்ஸில் அது வேண்டும், 250இல் வியூஃபைண்டருக்குள் காட்சி குதிக்காமல் இருந்தால்தான் ஆளைத் தொடர முடியும். நிலைப்படுத்தி இல்லாத மலிவு 300கள் பழைய சந்தையில் நிறையக் கிடக்கும், அவை ஏன் நிறையக் கிடக்கின்றன என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இருக்கிற லென்ஸிலேயே வேகத்தைக் காட்ட ஒரு வழி உண்டு, செலவே இல்லை. ஷட்டரை 1/60க்கு இறக்கிவிட்டு, வருகிற பைக்கோடு சேர்ந்து கேமராவையும் ஒரே சீராகத் திருப்பிக்கொண்டே அமுக்குங்கள். வண்டி தெளிவாக, பின்னணி கோடு கோடாக வரும். ரேக்ளா பந்தயத்துக்கும் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கும் இதுதான் சரியான முறை, 1/2000இல் உறைய வைத்த பைக் நிறுத்தி வைத்த பைக் மாதிரிதான் இருக்கும். முதல் நாள் ஐம்பது எடுத்தால் இரண்டு தேறும். வீட்டு வாசலில் போகிற ஆட்டோக்களை வைத்துப் பழகுங்கள்.

வைட்: வாங்குவதற்கு முன் ஒட்டிப் பாருங்கள்

18-55இன் 18 முனையில் கேமராவை நிமிர்த்திச் செங்குத்தாகப் பிடியுங்கள். மேனுவலில் வைத்து வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒட்டும் இடத்தில் வானம் வேறு வேறு நீலமாக வரும். இடமிருந்து வலமாக நாலைந்து படம், ஒவ்வொன்றும் முந்தையதின் மூன்றில் ஒரு பங்கை மூடும்படி எடுங்கள். ஹகின் என்ற இலவச மென்பொருள் இவற்றைச் சேர்த்துக் கொடுக்கும். ஒரு தந்திரம்: நீங்கள் சுழலாமல், லென்ஸ் இருந்த இடத்திலேயே இருக்க அதைச் சுற்றி நீங்கள் நகர வேண்டும், பக்கத்தில் தூண் இருக்கும் காட்சியில் இது மிக முக்கியம். மலை, ஏரி, காலியான பிரகாரம் எல்லாவற்றுக்கும் இது போதும். தேர்த்திருவிழாக் கூட்டத்தில் இது ஆகாது, பாதி ஆட்களுக்கு இரண்டு தலை வரும்.

அதனால் ஒரு கட்டத்தில் உண்மையான வைட் தேவைப்படும். கேனானில் 2014இல் வந்த 10-18 எஃப் 4.5-5.6 ஐஎஸ் எஸ்டிஎம், 240 கிராம், பிளாஸ்டிக் உடம்பு, பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும், படம் அப்படி இருக்காது. நிக்கானில் 2017இல் வந்த ஏஎஃப்-பி டிஎக்ஸ் 10-20, மேலே சொன்ன பொருத்தப் பிரச்சினை இதற்கும் உண்டு. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேலையைச் செய்பவை.

18க்கும் 10க்கும் எட்டு மி.மீ.தானே என்று தோன்றும். நீளப் பக்கத்தில் 18 காட்டுவது சுமார் 64 பாகை, 10 காட்டுவது 96 பாகை. ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தை எடுத்துக்கொள்வோம், 1987இல் கட்டி முடித்தது, 236 அடி, அதாவது 72 மீட்டர். கேமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்பக்கம் மல்லாந்து விழுகிற மாதிரி வரும். அது வேண்டாம், கேமராவைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து முழுக் கோபுரத்தையும் உள்ளே கொண்டுவர வேண்டும் என்றால் 18இல் ஏறக்குறைய 116 மீட்டர் பின்னால் போக வேண்டும். அவ்வளவு தூரம் போவதற்குள் பஸ்ஸும் மின்கம்பியும் பூக்கடைப் பந்தலும் குறுக்கே வந்துவிடும். 10இல் 65 மீட்டரிலேயே ஆகிவிடும், கீழ்ப்பாதியில் வெறும் தரை விழும், அதை வெட்டிப் போட்டுவிடலாம். கட்டடத்துக்கு வைட் லென்ஸ் வாங்குவதில் உள்ள நிஜமான லாபம் இந்த ஐம்பது மீட்டர்தான்.

வைடில் எஃப் 4.5 போதுமா என்று கேட்பார்கள். போதும். தஞ்சைப் பெரிய கோயில் மாதிரி தொல்லியல் துறை வசமுள்ள இடங்களில் அனுமதி இல்லாமல் டிரைபாட் வைக்க விடமாட்டார்கள், ஆனால் 10 மி.மீ.இல் நிலைப்படுத்தியோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு 1/8 நொடி கையிலேயே எடுத்துவிடலாம், அங்கே நிற்பவை கல்தூண்கள், அவை ஆடாது. பெரிய துளை வைட் வேண்டியது இருவருக்குத்தான். ஒருவர் நட்சத்திரம் எடுப்பவர், அவருக்கு எஃப் 2 அல்லது 2.8 வேண்டும், கையால் ஃபோகஸ் செய்யும் சம்யாங் 14 மாதிரி ஒன்று போதும், நட்சத்திரத்துக்கு ஆட்டோஃபோகஸ் எதற்கு. இன்னொருவர் இருட்டில் ஆட்களை வைடில் எடுப்பவர். அவருக்குப் பழைய டோகினா 11-16 எஃப் 2.8, நம் பட்ஜெட்டை அது கொஞ்சம் இழுக்கும், டி3500 மாதிரிக் கேமரா என்றால் அதில் மோட்டார் உள்ள இரண்டாவது பதிப்புதானா என்று பார்க்க வேண்டும்.

வைட் வாங்கியவர்கள் எல்லோரும் செய்யும் முதல் தவறு எல்லாவற்றையும் உள்ளே அடக்க நினைப்பது. அடங்கும், ஆனால் எல்லாம் குட்டியாகப் போய்விடும். கிட்டே போங்கள். கேனான் 10-18 இருபத்திரண்டு சென்டிமீட்டர் வரை ஃபோகஸ் ஆகும். சிலம்பம் சுற்றுகிறவர் எதிரே, கம்பு படாத தூரத்தில், தரையோடு தரையாக உட்கார்ந்து வானத்தைப் பின்னணியாக வைத்து எடுத்துப் பாருங்கள், கம்பு இரண்டு பங்கு நீளமாகத் தெரியும். அந்த அகலத்தில் அசைவு சின்னதாக விழுவதால் 1/500 போதும், ஃபோகஸ் தவறுவதும் அபூர்வம். ஆட்களை மட்டும் ஓரத்தில் வைக்காதீர்கள், ஓரத்தில் நின்ற அத்தையின் முகம் பலாப்பழம் போல இழுபட்டு வந்து எனக்கு வீட்டில் கிடைத்த திட்டு கொஞ்சமில்லை. ஜல்லிக்கட்டு வாடிவாசலில் வைடோடு கிட்டே போகும் யோசனை வந்தால் அதைக் கைவிடுங்கள், 250 அதற்காகத்தான் இருக்கிறது.

காசு வீணாகும் இடங்கள்

லென்ஸின் முன்னால் திருகும் வைட் கன்வெர்ட்டர், ஃபிஷ்ஐ கண்ணாடி என்று சில நூறு ரூபாய்க்கு வரும், ஓரமெல்லாம் சேமியா பாயசம்.

250இன் பின்னால் டெலிகன்வெர்ட்டர் மாட்டி 500 ஆக்கலாம் என்பார்கள். பாதிக்கு மேல் வெளிச்சம் போய்விடும், நம் கேமராவில் ஆட்டோஃபோகஸும் திணறும், பல லென்ஸ்களில் மாட்டவே முடியாது.

18-400 மாதிரி ஒரே லென்ஸ்: ஊர் சுற்றப் போகிறவர்களுக்கு நல்லது, லென்ஸ் மாற்ற வேண்டாம். ஆனால் அதன் 18 முனை உங்கள் கிட் லென்ஸைவிட அகலமும் இல்லை, இருட்டில் 50இன் வேலையையும் செய்யாது.

உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகை மிரர்லெஸ் கேமராவுக்கு மாறிவிட்டால் இதெல்லாம் வீணாகுமே என்ற பயம் வேண்டாம். கேனானின் இஎஃப், இஎஃப்-எஸ் லென்ஸ்கள் ஓர் அடாப்டரோடு ஆர்50, ஆர்10 கேமராக்களில் ஆட்டோஃபோகஸோடு ஓடும். நிக்கானில் எஃப்டிஇசட் அடாப்டரோடு ஏஎஃப்-எஸ் வகை ஓடும்.

பழையது வாங்கும்போது

முடிந்தால் நேரில் போய், உங்கள் கேமராவில் மாட்டிப் பார்த்துத்தான் வாங்குங்கள். செல்போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து முன்பக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். தூசி நாலைந்து புள்ளி இருந்தால் கவலை இல்லை, படத்தில் தெரியாது. சிலந்தி வலை மாதிரி, மரக்கிளை மாதிரி வெள்ளை நூல் ஓடினால் அது ஃபங்கஸ், கடற்கரை ஊர்களில் சாதாரணம், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். நான் ஒருமுறை விலை பாதி என்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, சுத்தம் செய்யக் கேட்ட கூலியில் இன்னொரு லென்ஸே வாங்கியிருக்கலாம்.

அப்புறம் ஆட்டோஃபோகஸை மிகக் கிட்டே, மிகத் தூரம் என்று பத்து முறை மாற்றி மாற்றி ஓட்டுங்கள், ஒரு முறைகூடத் தடுமாறக் கூடாது. நீள ஜூமை நுனி வரை இழுத்து லேசாக ஆட்டுங்கள், லொடலொடப்பு அதிகமிருந்தால் விழுந்து எழுந்தது. துளை முழுதாகத் திறந்து எதிர்ச் சுவரில் செங்கல் அல்லது செய்தித்தாளை எடுத்து நாலு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள், மூலைகள் கொஞ்சம் மென்மையாக இருப்பது வழக்கம், ஒரே ஒரு பக்கம் மட்டும் கலங்கினால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது. பின்பக்கத் தங்கநிறத் தொடர்புப் புள்ளிகள் பளிச்சென்று இருக்க வேண்டும். ஹூட், அதாவது லென்ஸ் முனையில் மாட்டும் மறைப்பு வளையம், சேர்த்துக் கொடுப்பார்களா என்று கேளுங்கள், கேனான் இந்த வகை லென்ஸ்களுக்கு அதைப் பெட்டியில் வைப்பதில்லை. இருநூறு ரூபாய் யூவி ஃபில்டரைவிட ஹூட் லென்ஸை நன்றாகக் காக்கும், விளக்குகளின் பேய் நிழலும் படத்தில் விழாது.

பெரிய நகரங்களில் நாள் வாடகைக்கு லென்ஸ் கிடைக்கிறது. வாங்க நினைப்பதை ஒரு சனி ஞாயிறுக்கு எடுத்து நீங்கள் வழக்கமாகப் போகும் மைதானத்தில் ஓட்டிப் பாருங்கள். வருஷத்துக்கு ஒரே ஒரு போட்டி, ஒரே ஒரு ஜல்லிக்கட்டு என்றால் வாங்கவே வேண்டாம், அந்த ஒரு நாளைக்கு அந்த 70-200 எஃப் 2.8ஐயே வாடகைக்கு எடுத்துவிடலாம்.

வாங்கியாயிற்று என்றால் தோல் பைக்குள் போட்டுப் பீரோவில் பூட்டாதீர்கள், ஃபங்கஸுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. ரப்பர் விளிம்பு போட்டு இறுக மூடும் பெரிய பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், கூடவே ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், 40க்கும் 50க்கும் நடுவில் நின்றால் சரி. மணிகளின் நிறம் மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள், மெல்லிய சூட்டில் வறுத்து ஆறவைத்துத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். நீல மணிகளில் கோபால்ட் உப்பு இருக்கும், அதனால் அதற்கென்று ஒரு பழைய சட்டியை ஒதுக்கிவிடுங்கள், தாளிக்கிற வாணலியைத் தொடாதீர்கள்.